இடம் பிடித்த பூட்டு

காலையில் எழுந்தான். பால் காய்ச்சினான். டீ குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி, வாசல் கம்பியில் சாய்த்து வைத்தான். பூட்டவில்லை. பஸ் பிடித்து வேலைக்குப் போனான்.

சாயங்காலம் திரும்பியபோது சைக்கிள் அங்கேயே நின்றது. மழையில் நனையாமல் இருக்க, யாரோ சீட்டின் மேல் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்திருந்தார்கள்.

எரிச்சலாக வந்தது. சனிக்கிழமை வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போகிறான். அதற்குள் இது திருட்டுப் போயாக வேண்டும்.

சைக்கிள் வாங்கிய கடைக்கே போனான். கடைக்காரர் நம் ஊர்க்காரர். இந்த நாட்டில் சைக்கிள் வாங்குவது சுலபம், வைத்திருப்பதுதான் கஷ்டம் என்று சொல்லிச் சொல்லியே பூட்டு விற்பவர்.

“திருடனுங்க எல்லாம் லீவுல போயிட்டாங்களா அண்ணே?”

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “ஓகோ. இன்சூரன்ஸா?”

அவன் மேசைமேல் கிடந்த பூட்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

“பில்லு, இன்சூரன்ஸு எல்லாம் வீட்டம்மா பேர்லதானே போட்டோம்? அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரிஞ்சா?”

“கொன்னுடுவா.”

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “வித்துத் தொலைக்க வேண்டியதுதானே தம்பி?”

“விக்க முடியாது.”

“புரியுது, புரியுது” என்று கண்ணடித்தார். “பூட்டாமலே விட்டு வைங்க. தன்னால போயிடும்.”

மறுநாள் சாயங்காலமும் சைக்கிள் போகவில்லை. அதைக் கம்பியோடு சேர்த்து ஒரு சங்கிலி சுற்றியிருந்தது. சங்கிலியில் டிரங்குப் பெட்டிக்குப் போடுகிற பூட்டு.

கடைக்காரருக்குப் போன் செய்தான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“திருடன் இடம் பிடிச்சிருக்கான் தம்பி. பஸ்ல துண்டு போடுற மாதிரி. வேற எவனும் எடுத்துடக் கூடாதுன்னு பூட்டிட்டுப் போயிருக்கான். வேன் கொண்டாந்து தூக்குவான். துண்டு போடத் தெரிஞ்சிருக்குன்னா கண்டிப்பா நம்மாளுதான்.”

அவனுக்கு நிம்மதியாக இருந்தது. நன்றி சொல்ல முடியாவிட்டாலும் ஆளையாவது பார்த்துவிடலாம் என்று, விடிந்ததும் தபால் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

வேன் வரவில்லை. கீழ் வீட்டு அக்கா வந்தாள். வேலைக்குப் போகிற அவசரத்திலும் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். இடுப்பில் சாவி செருகியிருந்தது.

“நீங்களாக்கா?”

அக்கா திடுக்கிடவில்லை. “பின்ன யாரு? கேப்பாரில்லாம விட்டுட்டுப் போறீங்க. இந்த ஊர் இருக்கற லட்சணத்துக்கு.”

“எவனாவது எடுத்துட்டுப் போகட்டும்னுதான் விட்டேன். விக்கக் கை வரல. கூடவே வச்சிருக்கவும் முடியல.”

அக்கா பூட்டிலிருந்து கையை எடுத்தாள்.

“அன்னிக்கு அவள ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்ப நான்தான் பக்கத்துல இருந்தேன். நீங்க ஆபீஸ்லேர்ந்து வந்து சேர்றதுக்குள்ள நினைவு போயிடுச்சு. அப்புறம் கண்ணே திறக்கல. அதுக்கு முன்னால உங்ககிட்ட சொல்லச் சொல்லி ஒண்ணு சொன்னா. துக்க வீட்டுல சொல்ற மாதிரி இல்ல. அதான் நான் வாயத் திறக்கல.”

மகள் கடைசியாக என்ன சொன்னாள் என்று மாமியார் போனில் கேட்டபோது, ‘அம்மாவைப் பார்த்துக்கச் சொன்னா’ என்று அவன் ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருந்தான்.

“சொல்லுங்கக்கா.”

“‘இவரு பூட்டவே மாட்டாருக்கா. என் சைக்கிள் மட்டும் திருட்டுப் போகட்டும், எங்க இருந்தாலும் வந்து உதைப்பேன்னு சொல்லுங்க.’”