நிக்கல் உரிந்த துப்பாக்கி

"மறுபடியும் உரிஞ்சு போச்சுப்பா உன் நிக்கல்!" என்றபடி பெரியவர் தன் பழைய வேட்டைத் துப்பாக்கியை முலாம் பட்டறை மேஜையில் கிடத்தினார்.

முலாம்காரர் குழலைத் தடவிப் பார்த்தார். பளபளப்பு போய் ஆங்காங்கே இரும்பு கறுத்துத் தெரிந்தது.

"நான் என்னங்கய்யா பண்றது? உங்க கை வேர்வைதான் பூச்சை அரிக்குது. உப்பளத்தையே உள்ளங்கையில வெச்சிருக்கீங்க."

"சுடுறதை விட்டே இருபது வருஷமாச்சு. சுவத்துல சும்மா தொங்குது. வாரம் ஒரு தரம் துடைக்கிறதுக்கே இந்தக் கதியா?"

"உட்காருங்க, டீ வரட்டும். அந்தத் தப்பிச்ச காட்டுப்பன்னி கதையைச் சொல்லுங்க. போன தடவை எருமை அளவுக்கு வளர்ந்திருந்துச்சு."

பெரியவர் சிரிக்கவில்லை.

"இந்தத் தடவை கெட்டியா பூசிடுப்பா. அடுத்த வாரம் பொண்ணு வீட்டுக்கே குடி போயிடறேன். ரெண்டு நாள் ரயில். இனிமே இதைத் தூக்கிட்டு வர முடியாது."

"சாயங்காலம் வந்து வாங்கிக்குங்க" என்றார் முலாம்காரர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பெரியவர் போனதும் முலாம்காரர் குழலைக் கழற்றித் தேய்த்து நிக்கல் தொட்டியில் இறக்கி மின்சாரத்தைச் செலுத்தினார். பத்தாவது நிமிடம் அதை நிறுத்தக் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. ஆறு வருடமாக அந்தக் குழலை மட்டும் பத்து நிமிடத்திலேயே வெளியே எடுத்துவிடுவார். மறுபூச்சுக்குக் காசு வாங்கியதே இல்லை. மெல்லிய பூச்சு ஆறு மாதத்தில் உரியும். உரிந்தால்தான் பெரியவர் வருவார். வேலையைத் தவிர வேறு பேச்சு பேச, அந்தப் பட்டறைக்கு வேறு யாரும் வருவதில்லை.

கையை இழுத்துக்கொண்டார்.

முதல் முறையாக அந்தக் குழல் முழுசாக ஒரு மணி நேரம் தொட்டிக்குள் கிடந்தது.