மூன்றாவது ஜாங்கிரி

கமலாம்பாள் மூன்றாவது ஜாங்கிரியைக் கடிக்கும்போது ஜெயக்கொடி பார்த்துவிட்டாள்.

"யக்கா! இன்னா பண்ற நீ? கீழ வை மொதல்ல!"

வளைகாப்பில், கமலாம்பாளின் மருமகள் பூங்குழலிக்கு வளையல் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"ஆறு வருசம் கழிச்சு மருமவ மாசமா இருக்கா, சந்தோசந்தான். அதுக்குன்னு சுகர் இருக்கறவ இப்படியா திம்பா? பேரப்புள்ளய தூக்க வேணாமா? ஒன்றரை வருசமா இவ ஊசி மருந்து எங்க ஊட்டு ஃப்ரிட்ஜுலதான் இருந்துது!"

பொய்யில்லை. கமலாம்பாள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. "எனக்கு சுகர் ஊசிடி, ஜில்லுனு இருக்கணுமாம்" என்று டிபன் டப்பாவில் கொண்டுவந்து கொடுத்த நாளிலிருந்து, பக்கத்து வீட்டு ஜெயக்கொடி அவளுக்கு டாக்டராகவே ஆகிவிட்டாள். விடிந்ததும் கோட்டை வாசல் வரை நடக்க வைத்தாள். டம்ளர் நிறையப் பாகற்காய்ச் சாறு கொடுத்து, குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள். எந்த விசேஷத்திலும் கமலாம்பாள் இலையில் பாயசம் விழ விட்டதில்லை.

"வாய கட்டத் தெரியாத உனக்கெல்லாம் எதுக்குக்கா ஊசி?"

கமலாம்பாள் வாய் கொள்ளாத ஜாங்கிரியோடு சிரித்தாள்.

பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த மகன் எழிலன்தான் நிமிர்ந்தான்.

"அம்மாவ திட்டாத சித்தி. அந்த ஊசி எனக்கு."

"டேய், சும்மா இருடா!" கமலாம்பாள் பதறினாள்.

"இருக்கட்டும்மா. மூளைக்கு அடியில பட்டாணியாட்டம் ஒரு சுரப்பி இருக்குது சித்தி. மேலேருந்து சிக்னல் வந்தாத்தான், கொழந்த பொறக்கறதுக்கான ஹார்மோன அது உடும். எனக்கு அந்த சிக்னல் சரியா வரல. ஹார்மோன் செய்யற வேலைய ஊசி செஞ்சுது. கொறை பூங்குழலிகிட்ட இல்ல, எங்கிட்டதான். தெருவுல என்னைய ஒரு மாதிரி பேசுவாங்கன்னு அம்மா தனக்குன்னு சொல்லிச்சு."

பெண்கள் பூங்குழலியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளோ கண்ணில் நீர் கோத்துக்கொள்ள, கணவனையே பெருமையாகப் பார்த்தாள்.

ஜெயக்கொடி கமலாம்பாள் பக்கம் திரும்பினாள்.

"அப்ப... ஒன்றரை வருசமா நான் குடுத்த பாகற்காய்ச் சாறு?"

கமலாம்பாள் நாலாவது ஜாங்கிரியை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"அதுவும் எம்புள்ளைக்காகத்தான்டி குடிச்சேன்!"