சவுரியம்மாளின் பாவம்

பெண் பார்க்க வந்த மஹ்பூபி பெண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே சாயம் போன பாவாடையில் ஒரு சிறுமி, பித்தளை மூடி ஒன்றைச் சுழற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். அது ஓய்ந்து விழும். மறுபடி சுழற்றுவாள். கூப்பிட்டுப் பார்த்தும் திரும்பவில்லை.

"யாரு இது?"

"எங்க வேலைக்காரி சவுரியம்மா பொண்ணு" என்றாள் அக்தரி பேகம்.

பேரணாம்பட்டுத் தோல் மண்டிக்காரரின் பெண்டாட்டி அல்லவா மஹ்பூபி, எதையும் புரட்டிப் பார்க்காமல் விடமாட்டாள். எழுந்து போய் மூடியைப் பிடித்து நிறுத்தினாள்.

சிறுமி வீறிட்டாள். தன் மணிக்கட்டையே கடித்துக்கொண்டாள்.

அக்தரி பேகம் பாதி எழுந்துவிட்டாள். அதற்குள் டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிய சவுரியம்மாள் பிள்ளையை அணைத்துக்கொண்டாள்.

"வயித்துல இருக்கும்போது இன்னாடி பண்ண? கிரகணத்துல வெளிய வந்தியா? யார் வயித்தெரிச்சலக் கொட்டிக்கின? பெத்தவ ஒழுங்கா இருந்தா புள்ள ஏன் இப்படிப் பொறக்குது?" என்று அவளைப் பிடித்துக்கொண்டாள் மஹ்பூபி.

"எல்லாம் என் பாவந்தாம்மா" என்றாள் சவுரியம்மாள், தரையைப் பார்த்தபடி.

அக்தரி பேகத்துக்கு வெட்கத்தில் காது மடல் எரிந்தது. போதும், விடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொல்லி, மஹ்பூபிக்கு ரோஷம் வந்துவிட்டால்? மகள் தாஹிராவுக்கு வந்த இரண்டு இடங்கள் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தன. உள்ளறையில் அவள் பட்டுக் கட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அக்தரி பேகம் டீத் தட்டை எடுத்து மஹ்பூபியின் முன்னால் நீட்டினாள்.

நல்லவேளை, தாஹிராவைப் பிடித்துவிட்டது. மஹ்பூபி தன் கையாலேயே அவள் வாயில் சர்க்கரை போட்டாள். கிளம்பும்போது, கல்யாணத்துக்கு முன்னால் அந்தத் தாயையும் பிள்ளையையும் அனுப்பிவிட வேண்டும், நாலு பேர் வந்து போகிற வீடு என்றாள். சவுரியம்மாளுக்குப் புரியக் கூடாதென்று உருதுவில் சொன்னாள். இத்தனை வருஷம் இந்த வீட்டில் உழைத்தவளுக்குப் புரியாத உருதா!

"ஆகட்டும்" என்றாள் அக்தரி பேகம். நாக்கு எப்படித்தான் வந்ததோ.

மஹ்பூபி ஏறிய ஜட்கா வண்டி தெருமுனை திரும்பியதும் சவுரியம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்து நின்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நான் இட்டுனு போறேன் பீபிம்மா. எங்க வீட்டுக் கேவுரு கூழ எப்படியாவது பழக்கிடுவேன். ஆனா உங்க பொடவைய மூஞ்சில வச்சிக்காம ஷம்ஷாத் பாப்பா தூங்காதே. நீங்க கட்டிப் பழசானது ஒண்ணு குடுங்க."

அக்தரி பேகத்தின் கை மடிக்குப் போயிற்று. காலையில் பிள்ளைக்கு அந்தச் சாயம் போன பாவாடையைக் கட்டிவிட்டு, தன் கையாலேயே அதன் காலிலிருந்து கழற்றிய கொலுசு அங்கேதான் இருந்தது. சத்தம் வராமல் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.