ஓராண்டுக் காவிரி

ஓவியர் மதிவாணன் சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்தார். ஒரு வருஷ உழைப்பு, ஒரே படம். சுவரகலத் துணியில் காவிரி. அந்தத் தண்ணீர் மெல்ல வழிந்துவந்து தன் பாதத்தை நனைப்பதுபோல் இருந்தது அவருக்கு. 'எவ்வளவு வளர்ந்துவிட்டேன்! ஒருத்தராவது பாராட்டினால்...'

மனைவி ஷோபனா சொட்டச் சொட்ட நனைந்து ஓடிவந்தாள்.

"என்னங்க, ஊரே உங்க படத்தைச் சுத்தி நிக்குது! கோவிந்தராசு மாமா தொட்டுத் தொட்டுப் பாக்குறாரு."

மதிவாணனுக்குப் புல்லரித்தது. "எதைப் பாராட்டுறாரு? அலையையா, ஆழத்தையா?"

"பெயிண்டைங்க! கொள்முதல் நிலையத்துல தார்ப்பாய் இல்லை. தூங்குறீங்களேன்னு எழுப்பாம எடுத்துட்டுப் போயி நம்ம நெல்லு மேல போர்த்தினேன். இந்த மழைக்கும் ஒரு சொட்டு இறங்கலை!"

அவர் திரும்பிக் காலிச் சுவரைப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் இன்னும் நாலடி நீளமா வரையச் சொன்னாங்க."