அவிழ்க்காத கொண்டை

"தலைய அவுத்து வுடுடி செந்தமிழு. பெத்தவளுக்குக்கூடவா கொண்டை போட்டுக்கினு நிப்ப?" என்றாள் அம்சவல்லி அத்தை.

நான் அவிழ்க்கவில்லை.

வாசலில் பெஞ்சு போட்டு அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து அம்மாவின் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தார்கள். எல்லோரும் தலைவிரி கோலம். நான் மட்டும் கொண்டையோடு, அதற்கு மேல் முந்தானையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு.

டீச்சரம்மாவுக்குத் திமிரு என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

அம்மாவின் மண்டையைத் தெரியாதவர்கள் மரக்காணம் உப்பளத்தில் கிடையாது. தொட்டால் பிசைந்த மாவு மாதிரி விரல் அமுங்கும். முடி இரண்டு விரற்கடைக்கு மேல் வளராது. பொன்னிக்குச் சும்மாடே வேண்டாம், மண்டையே சும்மாடு என்று கூடை தூக்கிவிடுகிறவர்கள் சிரிப்பார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள்.

"எம் பொண்ணு படிக்கணுமில்ல? உப்பு சுமந்து சுமந்து வீங்கிப்போச்சு" என்பாள். பெருமையாகத்தான் சொல்வாள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்காது.

என்னை ஒரு நாளும் அவள் கூடையைத் தொட விட்டதில்லை.

அத்தை ஒப்பாரியிலும் அதையே வைத்துப் பாடினாள். மகளுக்காகச் சுமந்து சுமந்து கெட்டுப்போன தலையாம். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அது உப்பால் வந்ததில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பே பாண்டிச்சேரியில் ஸ்கேன் பார்த்து டாக்டர் சொல்லிவிட்டார். தோலுக்கு அடியில் கொழுப்பு தடித்துப் போகிறதாம். லட்சத்தில் யாருக்கோ வருமாம். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. சுமை தூக்குவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார்.

அன்றைக்கே ஊருக்கு வந்து அம்மாவிடம் சொல்லியிருந்தால் என் மேல் இருந்த பழி தீர்ந்திருக்கும். பஸ்கூட ஏறிவிட்டேன். வீட்டு வாசல் வரை வந்தேன். சொல்லவில்லை.

என் முறை வந்தது. புறங்கையால்தான் எண்ணெய் வைக்க வேண்டும். நான் உள்ளங்கையை வைத்தேன். அத்தை உச்சுக் கொட்டினாள். இருந்தும் எடுக்க மனசு வரவில்லை. எப்போதும்போல மெத்தென்றுதான் இருந்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அத்தைக்கும் மனசு கேட்கவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு, தலையைத் தடவிக் கொடுக்கக் கையைத் தூக்கினாள். நான் அந்தக் கையைப் பாதியிலேயே பிடித்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

முந்தானை நழுவியிருந்தது. அவசரமாகக் கொண்டையைத் தொட்டுப் பார்த்தேன். சவுரிமுடி கழன்றுவிடவில்லை. அதற்கு அடியில், உப்புக்கூடை ஒரு நாளும் ஏறாத என் மண்டையில், விரல் மெத்தென்று அமுங்கியது.

பாண்டிச்சேரியில் ஸ்கேன் பார்த்தது இந்த மண்டையைத்தான். அம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால், நான்தானேடி உனக்குக் குடுத்துட்டேன் என்று அந்தத் தலையிலேயே அடித்துக்கொண்டு அழுதிருப்பாள்.