ஒரே துணியில் ஒரு கண்டம்

"இப்பல்லாம் எவனும் சொந்த வீட்டு ஒழுக்கை அடைக்கிறதில்ல மாப்ள. அடுத்தவன் கூரையைப் பிரிச்சு மேயக் கிளம்பிடுறான்," என்றார் மஹ்மூது.

"மெதுவாப் பேசுங்க மாமா. பெரிய ஹோட்டல்," என்றான் மருமகன் ரிபாய்.

துபாயில் சத்வா பகுதியில் தையல்கடை வைத்திருக்கும் இருவரும் அரங்கின் ஓரமாக நின்றிருந்தார்கள். மேடைத் திரைக்குப் பின்னால் மஹ்மூது தைத்த துணி தொங்கியது. பச்சைப் பட்டில், ஆள் உயரத்துக்கும் மேலே, ஆப்பிரிக்கக் கண்டம். நாடு நாடாகப் பிரிந்து கிடப்பதை ஒன்றாக்கி, குறுக்கே ரயில் விட்டு, ஒரே பணம் கொண்டுவரப் போகிறதாம் ஒரு கம்பெனி. அதனால் எல்லைக்கோடு கூடாது, பெயர் கூடாது, ஒரே துணியாக இருக்க வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்கள்.

இது பிடித்துப்போனால் கம்பெனி வேலையெல்லாம் இவர்கள் கடைக்குத்தான். பிடிக்காவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு அதிராம்பட்டினம் போக வேண்டியதுதான்.

துணியில் ஒரு பிசகு. மேடையில் மாட்டிய பிறகுதான் மஹ்மூதின் கண்ணில் பட்டது. மருமகனிடம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் திரை விலகிவிட்டது.

ஒரே கைதட்டல். லண்டன்காரர் ஒருவர், சிங்கப்பூர்க்காரர் ஒருவர், துபாயிலேயே வளர்ந்த நம்மூர்ப் பெண் ரக்ஷிதா. கம்பெனியை நடத்தும் இந்த மூவரும் துணியைத் தொட்டுத் தொட்டு, இங்கே துறைமுகம், இங்கே ஸ்டேஷன் என்று விளக்கினார்கள். அந்தக் கண்டத்து ஆள் ஒருவரையும் கூட்டத்தில் காணோம்.

முடிந்ததும் மஹ்மூது நேரே மேடைக்குப் போனார். "துணியில ஒரு தப்பு இருக்கும்மா."

ரக்ஷிதா மேலும் கீழும் பார்த்தாள். "ஒண்ணுமே இல்லையே அங்கிள். பெர்ஃபெக்ட். ராத்திரி பகலா இந்த மேப்லயே கிடக்குறோம், எங்களுக்குத் தெரியாதா? அடுத்து ஆசியா. அதையும் நீங்கதான் தைக்கணும்."

அவர் மறுபடி சொல்வதற்குள் போட்டோ எடுக்க அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வாசலுக்கு வந்தபோது ரிபாயின் முகமெல்லாம் பல். "கடை பிழைச்சுது. இனியாவது அவங்களை நம்புங்க மாமா."

"என்னத்த நம்புறது? சட்டை வெட்டுற பழக்கத்துல, அவங்க கொடுத்த படத்தைத் துணியோட உள்பக்கம் வச்சுக் கோடு போட்டுட்டேன். மேற்கு கிழக்கா, கிழக்கு மேற்கா, மொத்தக் கண்டமும் திரும்பித் தொங்குது," என்று சொல்லிவிட்டு மஹ்மூது வெயிலில் இறங்கி நடந்தார்.