பெயரை மாற்றச் சம்மதம்

"மாத்துங்கோ" என்றார் சிசிலியா அன்ரி.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன்.

பார்த்தீபனும் என்னைத் திரும்பிப் பார்த்தார். லண்டனிலிருந்து வந்து எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தை வாங்கப்போகிறவர் அவர். ஒரு மணித்தியாலமாவது கெஞ்ச வேண்டியிருக்கும் என்று படங்களோடும் கடிதத்தோடும் வந்திருந்தார்.

"அம்மா, நான் இன்னும் முழுக்கச் சொல்லேல்லை."

"சொன்னது விளங்கினது தம்பி. கழகத்தின்ரை பேரை மாத்தப்போறியள். மாத்துங்கோ."

சொல்லிவிட்டு, சட்டியை மடிக்கு இழுத்து இறால் உரிக்கத் தொடங்கினார்.

எங்கள் கழகம் கொழும்புத்துறை றெஜினோல்ட் ஞாபகார்த்த விளையாட்டுக் கழகம். றெஜி சிசிலியா அன்ரியின் ஒரே மகன். என்னோடு ஒரே அணியில் விளையாடியவன். இடது காலால் அவன் அடித்தால், கோல் காப்பவர்கள் பந்தைப் பார்ப்பதற்கு முன் வலையைத்தான் பார்ப்பார்கள்.

போன ஞாயிறு பொதுக்கூட்டத்தில் பார்த்தீபன் திரை கட்டிப் படம் காட்டினார். பச்சைப் புல்தரை. மின்விளக்குக் கம்பங்கள். ஆயிரம் பேர் இருந்து ஆட்டம் பார்க்கக்கூடிய கலரி. நைஜீரியாவிலிருந்து இரண்டு ஆட்டக்காரர்கள். எங்கள் பெடியளுக்கு மாதச் சம்பளம். பெயர் மட்டும் 'நோர்தேண் வேவ்ஸ்' என்று மாறும்.

ஒரு கழகத்தை எப்படி விற்பது என்பதே எங்களில் பாதிப் பேருக்கு விளங்கவில்லை. காணி கோயிலுக்குச் சொந்தம். பந்தும் வலையும் பழசு. மிச்சத்தில் எதைத் தம்பி வாங்குகிறீர் என்று தலைவர் செபநாயகம் அண்ணை எழும்பிக் கேட்டார். நிர்வாகத்தை என்றார் பார்த்தீபன். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். விளங்கித் தட்டவில்லை.

பெயர் என்றதும்தான் கூட்டம் அடங்கியது. தாய் சம்மதித்தால் மட்டும் என்று முடிவானது. செயலாளர் என்பதால் பார்த்தீபனை இங்கே கூட்டிக்கொண்டு வரும் வேலை எனக்கு.

சிசிலியா அன்ரி மறுக்கவேண்டும் என்று பாதி வழி வரை விரும்பினேன். அவர் மறுத்தால், வேண்டாம் என்று சொல்கிற பழி எனக்கு இல்லை. மீதி வழியில் பெடியளின் சம்பளம் நினைவுக்கு வந்தது. சம்மதிக்கவேண்டும் என்று விரும்பினேன்.

இப்போது சம்மதித்துவிட்டார். எனக்கு ஏனோ கோபம் வந்தது.

ஒவ்வொரு வருடமும் றெஜியின் பெயரில் சுற்றுப்போட்டி வைப்போம். படத்துக்கு மாலை போட வரச்சொல்லி இவருக்குத்தான் முதல் அழைப்பிதழ். ஒருமுறைகூட வந்ததில்லை. பெற்ற மனம் தாங்காது என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். அப்படிப்பட்டவர் மகனின் பெயரை இவ்வளவு லேசாக விட்டுக்கொடுக்கிறாரே.

பார்த்தீபன் நல்ல மனிதர். அவருக்கும் மனம் கேட்கவில்லை.

"அம்மா, பேரை நான் அப்பிடியே விட்டிடமாட்டன். புதுக் கலரிக்கு உங்கடை மகன்ரை பேர்தான். றெஜினோல்ட் ஞாபகார்த்த கலரி எண்டு கல்லிலை பொறிச்சு வைப்பம்."

இறால் உரித்த கை நின்றது.

"வேண்டாம்."

"ஏனம்மா?"

"வேண்டாம் எண்டால் வேண்டாம். ஒரு இடத்திலையும் எழுதக்கூடாது!"

பார்த்தீபன் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். எங்கே பிழைவிட்டேன் என்று பார்வையாலேயே என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. கழகத்தின் பெயரையே தருகிறவர் ஒரு கலரிக்கு ஏன் இப்படிக் கத்துகிறார்?

சிசிலியா அன்ரி என்னைப் பார்த்தார்.

"சிவா, அந்தச் சொல்லை ஆர் மோனை முதல்லை எழுதினது?"

"எந்தச் சொல் அன்ரி?"

"ஞாபகார்த்தம்."

நான்தான். சண்டை முடிந்து அடுத்த வருடம் கழகத்தைத் திரும்பப் பதிந்தபோது, படிவத்தில் என் கையெழுத்தில் எழுதினேன். நல்ல காரியம் செய்கிறோம் என்று நினைத்தோம். இவரிடம் யாரும் கேட்கவில்லை.

2008 மாசியில் ஒரு வியாழக்கிழமை, பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப் வாங்கவென்று றெஜி சைக்கிளில் ரவுணுக்குப் போனான். அவன் திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. அவன் படத்தைக் கொண்டு இவர் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று அரசாங்க ஆட்கள் இரண்டு தரம் வந்து கேட்டார்கள். இரண்டு தரமும் வாங்க மறுத்துவிட்டார்.

மைதானத்து வாசலில் பெரிய எழுத்தில் அந்தச் சொல். சந்தைக்குப் போகவும் பூசைக்குப் போகவும் அவருக்கு அது ஒன்றுதான் வழி.

 

பார்த்தீபன் மெதுவாகச் சம்மதக் கடிதத்தை நீட்டினார். சிசிலியா அன்ரி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கையொப்பமிட்டார். பேனையைத் திருப்பிக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, வெளிநாட்டுப் பெடியளை இறக்கினாலும், எங்கடை பிள்ளை ஒண்டு வந்து கேட்டால் சேர்ப்பியளோ?"

"கட்டாயம் அம்மா. வரச்சொல்லுங்கோ. என்ன வயது?"

பார்த்தீபனுக்கு எதுவும் தெரியாது. நாங்கள் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"வாற ஆடிக்கு நாப்பத்திரண்டு" என்றார் சிசிலியா அன்ரி. "ஓடுவான்."